எழுதாமறை: யொரூபா மக்களின் பண்டைச் சமயமும் அதன் பண்பாட்டு வேர்களும்

சமயங்களை ஆராய்வோர் முதற்கண் அவற்றின் மறைநூல்களை நாடுவது மரபு. நூலுள்ள சமயத்திற்கு அந்நூலே சான்று. அதனைப் போற்றுவோரும் மறுப்போரும் அதனை முன்வைத்தே வாதிடுவர். ஆயின், ஏட்டில் எழுதப்படாமல் மனத்தகத்தே தாங்கப்பட்டு, ஆசிரியன் வாயிலிருந்து மாணாக்கன் செவிக்கு வழங்கிவந்த மறையையுடைய சமயத்தின் நிலை யாது? அதனைப்பற்றி முதலில் எழுதியோர் பெரும்பாலும் அதனை மாற்ற வந்தோரே. அவர் எழுதியது நூலாயிற்று, நூலானமையாற் சான்றுமாயிற்று. மேலை ஆபிரிக்காவில் வாழும் யொரூபா மக்களின் பண்டைச் சமயம் இவ்விடர்ப்பாட்டிற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

1910ஆம் ஆண்டின் இறுதியில் சேர்மானிய ஆராய்ச்சியாளர் இலியோ புரொபீனியசு என்பவர் அம்மக்களின் திருநகரான இஃபேயை அடைந்தார். அங்குச் சுடுமண்ணாற் செய்த தலைகளையும், ஒலொக்குன் என்னும் கடற்றெய்வத்தின் தோப்பிலிருந்து வந்த உலோகத் தலை ஒன்றையும் கண்டு வியந்தார். அவற்றின் அமைதியும் செம்மையும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. எனினும், அவற்றைச் செய்தோர் அந்நகர மக்களின் முன்னோரே என்று கொள்ள அவர் மனம் இசையவில்லை. பண்டைக் காலத்தில் மத்தியதரைக் கடலிலிருந்து வந்து குடியேறியோர் விட்டுச்சென்ற எச்சம் அது என்றும், கடல் கொண்டதாகக் கதைக்கப்படும் அத்திலாந்திசு நாடே அது என்றும் அவர் எழுதினார். 1938இல் இஃபே அரண்மனைக்கு அருகே வீடொன்றிற்கு அத்திவாரம் தோண்டியபோது பதினைந்துக்கு மேற்பட்ட உலோகத் தலைகள் வெளிப்பட்டன. அவை கி. பி. 12ஆம் நூற்றாண்டிற்கும் 15ஆம் நூற்றாண்டிற்கும் இடையே மெழுகு வார்ப்பு முறையால் இஃபே நகரத்துக் கம்மியர் ஆக்கியவை என்பது பின்னர் ஐயமற நிறுவப்பட்டது. ஒபாலுஃபொன் என்னும் அரசன் பெயரால் வழங்கும் முகவடிவம் ஏறக்குறையத் தூய செம்பினாலாயது. செம்பைக் கலப்பின்றி வார்ப்பது வெண்கலத்தை வார்ப்பதினும் அரிய தொழில் என்பதை அத்தொழில் வல்லார் அறிவர். ஒலொக்குன் தோப்பில் நிகழ்ந்த அண்மைக் கால அகழ்வுகளோ, அங்கே கண்ணாடியை உருக்கி மணி செய்யும் தொழில் உள்ளூரிலேயே ஓங்கியிருந்தமையைக் காட்டியுள்ளன.

புரொபீனியசின் பிழை அவரோடு ஒழியவில்லை. 1963இல் ஒக்சுபோட்டுப் பேராசிரியர் திரெவர் ரோப்பர், ஆபிரிக்காவிலே ஐரோப்பியர் செய்தவற்றின் வரலாறன்றி வேறு வரலாறு இல்லை என்னும் கருத்துப்படப் பேசினார். எழுத்தில்லாத விடத்து வரலாறும் இல்லை என்பது அக்கூற்றின் அடிப்படை. அக்கூற்றுப் பொருந்துமா என்பதை யொரூபா மக்களின் சமயத்தைக்கொண்டே ஆராய்ந்து காணலாம். அச்சமயம் ஊர், உலைக்களம், ஆறு, சந்தை, மொழி என்பவற்றில் வேரூன்றியது. எழுத்தின் துணையின்றியே தன் வரலாற்றைத் தானே காத்தது.

நாடும் நகரும்

யொரூபா மக்கள் நைசீரியாவின் தென்மேற்கிலும், அதற்கு மேற்கேயுள்ள பெனின் குடியரசிலும், தோகோவிலும் வாழ்கின்றனர். அவர் தொகை நான்கு கோடிக்கு மேற்பட்டதென மதிப்பிடுவர். தெற்கே கடலும் காயலும், அவற்றை அடுத்து மழைக்காடும், வடக்கே செல்லச் செல்லப் புல்வெளியுமாக அமைந்தது அந்நாடு. அம்மக்கள் ஐரோப்பியர் வருமுன்னரே நகரங்களில் வாழ்ந்தோராவர். நகரின் நடுவே அரசன் மனை. அதன் முன்னே சந்தை. சுற்றிலும் ஒவ்வொரு குலத்தவரும் கூடி வாழும் பெருமனைகள். இவற்றையெல்லாம் வளைத்து மண்மதில். மதிலுக்கப்பால் வள்ளிக்கிழங்கு விளையும் தோட்டங்கள். இவ்வமைப்பே தெய்வங்களின் அமைப்பிற்கும் அடிப்படையாயிற்று. ஒவ்வொரு குலமனையும் தனக்குரிய தெய்வத்தைப் போற்றியது; ஊர் முழுவதற்கும் பொதுவான விழாவை அரசன் முன்னின்று நடத்தினான்.

பண்டை யொரூபாக் கிழமை நான்கு நாளைக் கொண்டது. அந்நான்கும் முறையே ஒபாதாலா, இஃபா, ஒகுன், ஷாங்கோ ஆகிய தெய்வங்களுக்கு உரியவை. சந்தை கூடும் நாளும் இக்கணக்கினாலேயே வகுக்கப்பட்டது. ஆகவே, எந்நாளில் எவ்வூருக்குப் பொருள் கொண்டு செல்வது என்பதும், எந்நாளில் எத்தெய்வத்தை வழிபடுவது என்பதும் அவர்க்கு ஒரே கணக்காக அமைந்தன.

மணிகள் கோத்த முடியை அணியும் உரிமை, இஃபேயில் முதலில் ஆண்ட ஒடுடுவாவின் வழிவந்தோர்க்கே உண்டு என்பது மரபு. அம்முடியின் விளிம்பிலிருந்து தொங்கும் மணித்தொங்கல் அரசன் முகத்தை மறைக்கும். முடி சூடியபோது அவன் தனியொருவன் அல்லன். முன்னோர் அனைவரின் உருவமாவான். ஆயினும் அவன் கட்டற்றவன் அல்லன். வடக்கே பேரரசாய் விளங்கிய ஓயோவில், பசோருன் என்பான் தலைமையில் எழுவர் கொண்ட மன்று ஒன்று இருந்தது. அரசன் நெறி தவறினால் அம்மன்று அவனுக்கு வெறுஞ் சுரைக்குடுவையையோ கிளி முட்டைகளையோ அனுப்பும். அவற்றைப் பெற்றவன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ளல் வேண்டும். அரசனுக்குத் தெய்வத்தன்மை அளித்த சமயமே அவனுக்குக் கடிவாளமும் இட்டது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

உலகு தோன்றிய வரலாறு

யொரூபா மக்கள் போற்றும் பரம்பொருள் ஒலொடுமாரே எனப்படும். வானின் தலைவன் என்னும் பொருளில் ஒலொருன் என்றும் வழங்கும். அப்பரம்பொருளுக்கெனக் கோயிலோ பூசகரோ இல்லை எனலாம். ஆதியில் கீழே நீரே நிறைந்திருந்தது. ஒலொடுமாரே, ஒபாதாலா என்னும் தெய்வத்தை அழைத்து, ஓட்டில் அடைத்த மண்ணையும் ஐந்து விரலுடைய கோழி ஒன்றையும் கொடுத்து, நிலம் ஆக்கிவர அனுப்பினான். வழியில் ஒபாதாலா செம்பனைக் கள்ளைப் பருகி மயங்கித் துயின்றான். உடன்பிறந்தோனாகிய ஒடுடுவா அவற்றை எடுத்துக்கொண்டு சங்கிலி வழியே இறங்கி, மண்ணை நீர்மேற் சொரிந்து கோழியை விட்டான். கோழி கிளறிப் பரப்பிய மண் நிலமாயிற்று. அவ்விடமே இஃபே, பரந்து விரிந்த இடம் என்பது அச்சொல்லின் பொருள் என்பர்.

இக்கதையைச் சிறார்க்குரியதெனத் தள்ளுதல் பொருந்தாது. இஃபேயின் பழங்குடிகளுக்கும், பின்வந்து ஆட்சி கைக்கொண்டோர்க்கும் நிகழ்ந்த போரின் நினைவே இதன்கண் பொதிந்துள்ளது என்பர் வரலாற்றாசிரியர் பலர். தோற்றவர் தெய்வமும் கைவிடப்படவில்லை. அதற்குப் பிறிதோர் உயர்பணி அளிக்கப்பட்டது. மாந்தர் உடலைக் களிமண்ணால் வனைபவன் ஒபாதாலா. அதற்கு உயிர்மூச்சை அளிப்பவன் ஒலொடுமாரே. கூன், குருடு முதலிய குறையோடு பிறந்தோர் ஒபாதாலாவின் சிறப்புரிமைக்குரியோர் எனக் கருதப்பட்டனர். அவரை எள்ளுதல் அத்தெய்வத்தை எள்ளுவதாகும். வெண்ணிறம் அவனுக்குரியது. அவன் அடியார் இன்றும் கள்ளை விலக்குவர். தம் தெய்வம் செய்த பிழையை மறைக்காமல், அதனையே தம் நோன்பிற்குக் காரணமாகக் கொண்டமை இம்மக்களின் சமய உணர்விற்குச் சான்றாகும்.

ஒரிஷாக்கள்

ஒலொடுமாரேக்குக் கீழ் உலகின் செயல்களை நடத்தும் தெய்வங்கள் ஒரிஷா எனப்படும். அவற்றின் தொகை 401 என்பது வழக்கு. நானூறு என்பது நிறைவைக் குறிக்கும் எண். அதன்மேல் ஒன்று கூட்டியது, இனியும் ஒரு தெய்வத்திற்கு இடமுண்டு என்பதைக் காட்டும். எண்ணை முடித்துக் கதவடைக்காத இவ்வியல்பே அச்சமயத்தின் பொறுமைக்கும் வளர்ச்சிக்கும் காரணமாயிற்று.

ஒகுன் இரும்பின் தெய்வம். தெய்வங்கள் முதலில் மண்ணுலகிற்கு வந்தபோது அடர்காடு வழிமறித்தது. பிறர் கருவிகள் மழுங்க, ஒகுனின் இரும்புவாளே வழி திறந்தது என்பது மரபு. கொல்லரும் வேடரும் போர்மறவரும் அவனைத் தம் தலைவனாகக் கொண்டனர். பின்னாளில் மோட்டார் வண்டி ஓட்டுவோரும் இயந்திரம் திருத்துவோரும் அவன் அடியாராயினர். நைசீரியாவின் நீதிமன்றங்களில் பழைய சமயத்தவர் இரும்பைச் சான்றாகக்கொண்டு சத்தியஞ் செய்யும் வழக்கமும் உண்டு. 1986இல் இலக்கியத்திற்கான நொபெல் பரிசு பெற்ற வோலே சொயிங்கா ஒகுனையே தம் படைப்பின் காவற்றெய்வமாகக் கூறியுள்ளார். காட்டுவழி திறந்த தெய்வம் இருப்புப்பாதைக் காலத்திலும் வேலையின்றி இருக்கவில்லை.

ஷாங்கோ இடியின் தெய்வம். ஓயோவின் பண்டை அரசருள் ஒருவன் எனவும் கொள்ளப்படுவான். மின்னலை வருவிக்கும் மந்திரத்தைச் சோதித்தபோது தன் மனையே எரிந்து மக்கள் மாண்டமையால் நெஞ்சுடைந்து, அவன் தூக்கிட்டு மாண்டான் என்பர் பகைவர். அரசன் தூக்கிட்டிலன், வானேறினன் என்பர் அடியார். அவன் சின்னம் இருமுகக் கோடரி. நிலத்தை உழும்போது வெளிப்படும் கற்காலக் கோடரிகளை அவன் எறிந்த இடிக்கற்கள் எனப் பேணினர். ஓயோவின் குதிரைப்படை சென்ற திக்கெல்லாம் அவன் வழிபாடும் சென்றது. பொய்யரையும் கள்வரையும் அவன் தண்டிப்பான் என்னும் நம்பிக்கை, பேரரசின் ஆணை எட்டாத ஊர்களிலும் அறத்தைக் காக்க உதவிற்று.

ஆறுகள் பெண் தெய்வங்களாயின. நைகர்ப் பேராறு ஷாங்கோவின் மனைவி ஓயாவுக்கு உரியது. ஒஷுன் ஆறு அப்பெயர்த் தெய்வத்திற்கு உரியது. அவள் மகப்பேற்றையும் அழகையும் செல்வத்தையும் அருள்பவள். ஒஷொக்போ நகரின் தோற்றக் கதை இவளோடு தொடர்புடையது. வறட்சியால் ஊர்விட்டு வந்தோர் ஆற்றங்கரையில் மரமொன்றை வெட்டி வீழ்த்தினர். மரம் நீரில் வீழ்ந்ததும், தன் அவுரிச் சாயப்பானைகள் உடைந்தன என்று நீருள்ளிருந்து ஒரு குரல் எழுந்ததாம். துணிக்குச் சாயமேற்றும் தொழில் யொரூபாப் பெண்டிரின் பெருந்தொழில். ஆதலின் அவர் தெய்வமும் சாயப்பானை வைத்திருந்தாள் என்பது வியப்பன்று.

இஃபா என்னும் எழுதாமறை

இச்சமயத்தின் அறிவுக் களஞ்சியம் இஃபா எனப்படும். அதன் தெய்வம் ஒருன்மிலா. மாந்தர் தம் விதியைத் தெரிந்தெடுத்தபோது சான்றாக நின்றவன் அவன். அதனைக் கற்றுத் தேர்ந்தவர் பாபலாவோ எனப்படுவர். மறைபொருளின் தந்தை என்பது அதன் பொருள்.

குறி காணும் முறை நுட்பமான கணக்கை உடையது. பாபலாவோ பதினாறு செம்பனைக் கொட்டைகளைக் கையில் எடுத்து, மறுகையால் ஒருங்கே பற்றுவார். ஒன்று எஞ்சினால், குறித்தட்டிற் பரப்பிய மரப்பொடியின்மேல் இரண்டு கோடிடுவார். இரண்டு எஞ்சினால் ஒரு கோடிடுவார். பிறவாறு எஞ்சினால் மீண்டும் பற்றுவார். எட்டுமுறை இவ்வாறு செய்ய, நந்நான்காக இரு நிரைகள் அமையும். ஒரு நிரையில் வரக்கூடிய வடிவங்கள் 16. இரு நிரையும் சேர 256. இவ்வடிவம் ஒவ்வொன்றும் ஓது எனப்படும். எட்டு வித்தோடுகளைக் கோத்த குறிச்சங்கிலியை ஒருமுறை வீசியும் இவ்வடிவத்தைப் பெறலாம். அராபியரின் மணற்குறி முறையிலும் இத்தகைய பதினாறு வடிவங்கள் உள்ளன. அதனோடு இஃபாவுக்குத் தொடர்புண்டு என்பர் சிலர். வடிவ ஒப்புமை எவ்வாறாயினும், அவ்வடிவங்களின்கீழ் வரும் பாடல்கள் யொரூபா நாட்டு மண்ணில் விளைந்தவையே.

ஒவ்வோர் ஓதின்கீழும் பாடல்கள் பல உள. அவற்றுட் பெரும்பாலானவை ஓர் அமைப்பைத் தழுவியவை. முன்னொரு காலத்தில் இன்ன பாபலாவோ இன்னானுக்குக் குறி பார்த்தார். அவனுக்கு நேர்ந்த இடர் இது. செய்யுமாறு கூறிய பலி இது. அவன் செய்தான் அல்லது செய்திலன். விளைந்த பயன் இது என்று அப்பாடல் செல்லும். நீதிமன்றில் முன்வழக்கை எடுத்துக்காட்டித் தீர்ப்பு வழங்குதல் போன்றது இம்முறை. குறி கேட்க வந்தவன் தன் குறையைப் பாபலாவோவிடம் கூறுவதில்லை. நாணயம் ஒன்றினிடம் மெல்லக் கூறி அதனைக் கீழே வைப்பான். பாபலாவோ பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓதுவார். தன் நிலைக்குப் பொருந்தும் பாடலைத் தெரிந்துகொள்பவன் கேட்க வந்தவனே. இவ்வாற்றால், குறி என்பது வருவதுரைக்கும் மாயமாக மட்டும் அமையாது, முன்னோர் பட்டறிவின்முன் ஒருவன் தன்னைத்தானே வைத்து நோக்கும் பயிற்சியாயிற்று.

இக்கல்வி எளிதன்று. சிறுவன் பத்து வயதை ஒட்டி ஆசிரியன் மனை புகுவான். அவர்க்குப் பணிசெய்து பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பயில்வான். நாள்தோறும் ஓதலும், தவறியவிடத்துத் திருத்தப்படுதலும், சான்றோர் அவையில் ஒப்பித்தலும் அக்கல்வியின் பகுதிகள். ஓராயிரம் பாடல்களையேனும் மனத்தில் ஏற்றாதவன் தொழில் தொடங்கத் தகுதியற்றவன். பாடலைக் கூட்டவோ குறைக்கவோ அவனுக்கு உரிமை இல்லை. பழைய ஊர்களின் பெயரும், அரசர் பெயரும், வழக்கொழிந்த சொற்களும் இப்பாடல்களில் உறைந்து நிற்பது இதனாலேயே. 1932இல் பிறந்த அறிஞர் வாந்தே அபிம்போலா, பாபலாவோக்களிடம் இப்பாடல்களைக் கேட்டுத் தொகுத்து ஆராய்ந்து, அவற்றைப் பல்கலைக் கழகக் கல்விக்கு உரியவாக்கினார். 1982 முதல் 1989 வரை இஃபேப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கினார்.

தலையும் ஒழுக்கமும்

யொரூபா மக்களின் மெய்ப்பொருட் கொள்கையில் நடுவிடம் பெறுவது ஓரி என்னும் கருத்தாகும். ஓரி என்பது தலை; புறத்தே தோன்றும் தலையன்றி, விதியைத் தாங்கும் அகத்தலையையே அது சிறப்பாகக் குறிக்கும். பிறக்குமுன் ஒவ்வோர் உயிரும் அஜாலா என்னும் குயவனிடம் சென்று தனக்கொரு தலையைத் தெரிந்தெடுக்கும். அக்குயவன் திறமையுடையவன், ஆயின் பொறுப்பற்றவன். அவன் வனைந்தவற்றுள் சில நன்கு சுடப்பட்டவை; பல அரைகுறையாய்ச் சுடப்பட்டவை. புறத்தோற்றத்தால் அவற்றை வேறுபடுத்தல் இயலாது. தீய தலையைப் பெற்றவன் பூவுலகுக்கு வரும் வழியில் மழையில் நனைய, அது கரைந்து தேயும். பின்னர் அவன் எவ்வளவு உழைத்தாலும் ஊதியமெல்லாம் அத்தலையைச் சீர்செய்வதிலேயே கழியும். ஒருவனுடைய ஓரி இசையாவிடின் எத்தெய்வமும் அவனுக்கு உதவ இயலாது என்பது இஃபாப் பாடல்களின் கருத்து.

இது விதிவாதம் போலத் தோன்றினும் முற்றிலும் அவ்வாறன்று. தலையைத் தெரிந்தவன் அவனே; ஆதலின் பிறரை நோவதற்கில்லை. முயற்சியும் பலியும் நல்லொழுக்கமும் குறையுள்ள தலையையும் திருத்த வல்லவை. ஒழுக்கத்தைக் குறிக்கும் சொல் இவா என்பது. இருப்பு என்பதும் அதன் பொருளே. ஒழுக்கமே அழகு என்னும் பொருள்படும் பழமொழி அவர் நாவில் என்றும் வழங்குவது. இஃபாப் பாடலொன்று இவாவை ஒருன்மிலாவின் மனைவியாக உருவகிக்கிறது. அவளைப் பேணாது கடிந்தான், அவள் அகன்றாள், அவளோடு அவன் செல்வமும் மதிப்பும் அகன்றன. வீடு வீடாகத் தேடித் திரிந்த பின்னரே அவள் அருமையை உணர்ந்தான். ஞானத்தின் தெய்வத்தையே ஒழுக்கத்தின்முன் தலைகுனிய வைத்த இப்பாடல், அச்சமயத்தில் அறமில்லை என்றுரைத்தோர்க்குத் தக்க விடையாகும்.

முன்னோரும் மகவும்

இறந்தோர் குடியை விட்டு நீங்குவதில்லை. ஏகுங்குன் விழாவில் துணிகளால் உடல் முழுதும் மறைத்த முகமூடியர் தெருவில் வர, முன்னோரே வந்தனர் எனக் குடியினர் பணிவர். பாட்டன் இறந்தபின் பிறந்த ஆண்மகவிற்குப் பாபாதுந்தே என்று பெயரிடுவர். தந்தை மீண்டும் வந்தார் என்பது அதன் பொருள். பெண்மகவாயின் தாய் மீண்டாள் என்னும் பொருளில் இயெதுந்தே என்பர். உலகில் இரட்டையர் மிகுதியாகப் பிறக்கும் இனங்களுள் யொரூபா இனம் ஒன்று. முதலில் வெளிவந்த மகவு தைவோ, அஃதாவது உலகைச் சுவைத்துப் பார்க்க வந்தது; பின்வந்தது கேயிந்தே. பின்வந்ததே மூத்தது, உலகம் நன்றோ தீதோ என்று பார்த்துவருமாறு முன்னதை ஏவியது அதுவே என்பர். இரட்டையருள் ஒன்று இறப்பின், தாய் அதன் பொருட்டுச் சிறு மரப்பாவை செய்வித்து, அதற்கும் நீராட்டி உடுத்து உணவூட்டி வருவாள். அப்பாவைகள் இன்று ஐரோப்பிய நூதனசாலைகள் பலவற்றில் கலைப்பொருளாகக் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் முகம் தேய்ந்திருப்பது தாய்மார் கைபட்டமையால் என்பதைக் காண்போர் எத்துணையர் அறிவர்?

மொழிபெயர்ப்பும் மதமாற்றமும்

19ஆம் நூற்றாண்டு யொரூபா நாட்டிற்குப் பெருந்துயர்க் காலமாகும். 1817ஐ ஒட்டி ஈலோரினில் தோன்றிய கலகத்தால் ஓயோப் பேரரசு தளர்ந்தது. 1830களில் பழைய தலைநகர் கைவிடப்பட்டது. அடுத்தடுத்து நிகழ்ந்த போர்களில் சிறைப்பட்டோர் அடிமைகளாக விற்கப்பட்டனர். 1821இல் அவ்வாறு பிடிபட்டோருள் அஜாயி என்னும் சிறுவன் ஒருவன். அவனை ஏற்றிச்சென்ற கப்பலை 1822இல் பிரித்தானியக் கடற்படை மறித்து, அவனைச் சியராலியோனில் விடுவித்தது. 1825இல் ஞானஸ்நானம் பெற்ற அவனே சாமுவேல் அஜாயி குரௌதர். 1864இல் அவர் பேராயரானார். யொரூபா மொழிக்குச் சொற்றொகுதியும் இலக்கணமும் ஆக்கி, விவிலிய மொழிபெயர்ப்பையும் முன்னின்று நடத்திய பெருமை அவருடையது. அம்மொழி எழுத்துமொழியாய் வளர்ந்தமைக்கு அவர் ஆற்றிய தொண்டை எவரும் மறுத்தல் இயலாது.

ஆயினும் மொழிபெயர்ப்பு ஒரு தீர்ப்பாகவும் அமைந்தது. கடவுளைக் குறிக்க ஒலொருன் என்னும் பழஞ்சொல் கொள்ளப்பட்டது; குருவைக் குறிக்க முசுலிம்களிடையே வழங்கிய அலுஃபா என்னும் சொல் கொள்ளப்பட்டது; பிசாசைக் குறிக்க எஷூ என்னும் பெயர் கொள்ளப்பட்டது. எஷூ யார்? நாற்சந்தியில் நிற்பவன், மாந்தர் இடும் பலியை வானுக்குக் கொண்டு செல்பவன், தெய்வங்களின் மொழியெல்லாம் அறிந்தவன். குறித்தட்டின் மேல்விளிம்பில் செதுக்கியுள்ள முகம் அவனுடையது. எஷூவுக்குப் பங்களிக்காமல் எப்பலியும் நிறைவுறாது.

அவன் குறும்பன் என்பதும் உண்மை. உயிர்நண்பர் இருவர் அவனை மதியாது நட்பிற்கு உறுதி செய்தனர். ஒருபுறம் கருமையும் மறுபுறம் வெண்மையுமான தொப்பி அணிந்து, அவர் இருவர் தோட்டங்களுக்கும் இடையே அவன் நடந்து சென்றான். சென்றவன் தொப்பி கரியது என்றான் ஒருவன். வெளியது என்றான் மற்றவன். நட்பு முறிந்து கைகலந்தனர். தான் கண்டதே முழுமை என்று கொள்பவனைத் திருத்துவதே இக்கதையின் நோக்கம். தீமையின் முதல்வனாகவும் கடவுளின் பகைவனாகவும் விவிலியம் கூறும் சாத்தானுக்கும் இவனுக்கும் யாதும் ஒப்புமை இல்லை. எனினும் 1884இல் முழு விவிலியமும் யொரூபாவில் நிறைவெய்தியபின், பள்ளியிற் பயின்ற ஒவ்வொரு பிள்ளையும் தன் பாட்டன் வணங்கிய தெய்வத்தைச் சாத்தான் என்றே படித்தது. இஃபாவின் பெயரை முன்னே கொண்ட குடிப்பெயர்கள் பல, ஆண்டவனைக் குறிக்கும் ஒலூவா என்னும் சொல்லைப் பெற்று மாறின.

இக்காலத்தே தோன்றியோருள் சாமுவேல் ஜோன்சன் என்னும் கிறித்தவ குருவானவரும் ஒருவர். ஓயோ அரண்மனையின் மரபுரைப்போரிடம் கேட்டறிந்தவற்றைக்கொண்டு யொரூபா மக்களின் வரலாற்றை 1897இல் எழுதி முடித்தார். கையெழுத்துப் படி தொலைந்தது. 1901இல் அவரும் மறைந்தார். அவர்தம் இளவல் ஒபதாயா எஞ்சிய குறிப்புகளைக்கொண்டு அதனை மீள எழுத, 1921இல் அது வெளிவந்தது. எழுதிய நூலே தொலைந்துபோக, அதற்கு மூலமான வாய்மொழி மரபு தொலையாதிருந்தமை சிந்திக்கற்பாலது. 1962இல் மெதடிச குருவாகிய போலாஜி இடோவு, ஒலொடுமாரேயைப்பற்றிய தம் நூலில், அச்சமயம் வெறும் பலதெய்வ வணக்கமன்று; பல வடிவிற் பரந்த ஒருதெய்வ நெறியே என நிறுவ முயன்றார். அவர் தம் கிறித்தவக் கண்கொண்டே அதனை நோக்கினார் என்று பின்வந்தோர் சிலர் குறை கூறினர். எனினும், பழித்தலை விடுத்து அறிதலைத் தொடங்கியோருள் அவர் முன்னணியில் நிற்பவர்.

கடல் கடந்த தெய்வங்கள்

குரௌதரைப்போல் மீட்கப்படாதோர் அத்திலாந்திக்குக் கடலைக் கடந்து, கியூபாவின் கரும்புத் தோட்டங்களிலும் பிரேசிலின் பகீயாவிலும் இறக்கப்பட்டனர். கைப்பொருள் ஒன்றுமின்றி, உறவும் பெயரும் இழந்து சென்றோர் தம் மனத்திலிருந்த பாடலையும் தாளத்தையும் மட்டும் கொண்டு சென்றனர். கியூபாவில் ஷாங்கோ, இடியோடு தொடர்புடைய புனித பார்பராவின் உருவிலும், ஒஷுன் கோப்ரே நகர்த் தேவமாதாவின் உருவிலும் வழிபடப்பட்டனர். தாய்நாட்டில் ஓர் ஆற்றின் தெய்வமாயிருந்த இயெமோஜா, அவ்வாற்றைப் பிரிந்து சென்ற மக்களுக்குக் கடலின் தெய்வமானாள். பகீயாவில் ஆண்டுதோறும் பெப்ரவரி 2ஆம் நாள் மீனவர் அவளுக்குப் பூவும் வாசனைப் பொருளும் படகிற் கொண்டுசென்று கடலில் இடுவர்.

ஊரில் சாத்தான் என ஒதுக்கப்பட்ட எஷூ, கியூபாவில் எலெகுவா என்னும் பெயரோடு வழி திறப்பவனாய் நின்றான். அங்கு எவ்வழிபாடும் அவனைக்கொண்டே தொடங்கும். விடுதலை பெற்றபின்னரும் அச்சமயத்தவர்க்கு இடர் தீரவில்லை. பகீயாவில் அவர்தம் வழிபாட்டு மனைகள் பொலிசு நிலையத்திற் பதிவுசெய்யப்படல் வேண்டும் என்னும் விதி 1976 வரை நிலைத்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் புளோரிடா மாநிலத்தில் ஒரு நகரசபை அவர் பலியிடுதலைத் தடுக்கச் சட்டமியற்ற, அது சமய உரிமைக்கு மாறானதென 1993இல் அந்நாட்டு உயர் நீதிமன்று தீர்ப்பளித்தது.

முடிவுரை

அண்மைக் காலத்தில் உலகம் இம்மரபை நோக்கும் பார்வை மாறிவருகிறது. 1950இல் நைசீரியாவிற்கு வந்த ஒசுதிரிய ஓவியர் சுசான் வெங்கர், அழியும் நிலையிலிருந்த ஒஷுன் தோப்பை ஊர்க் கலைஞரோடு கூடிப் புதுக்கி, 2009இல் ஒஷொக்போவிலேயே மறைந்தார். அத்தோப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அவ்வாண்டிலேயே இஃபாவும் மனித குலத்தின் வாய்மொழி மரபுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. 2023இல் இலாகோசு, ஓயோ, ஒகுன், ஒஷுன் ஆகிய மாநிலங்கள் பழைய சமயத்தவர் விழாவிற்கு ஓகஸ்ட் மாதத்தில் விடுமுறை அளித்தன. எஷூ சாத்தான் அல்லன் என்று யொரூபா அறிஞரும் அடியாரும் இன்று வெளிப்படையாகவே வாதிடுகின்றனர்.

ஆயினும், பட்டியல்களும் விடுமுறைகளும் மட்டும் ஒரு மறையைக் காக்கமாட்டா. யொரூபா மக்களுட் பெரும்பாலோர் இன்று கிறித்தவரோ முசுலிம்களோ ஆவர். சிறுவர் பகற்பொழுதைப் பள்ளியிற் கழிக்க, பத்தாண்டு ஆசிரியனோடு தங்கிப் பயிலும் மாணாக்கர் அருகிவருகின்றனர். அச்சிட்ட தொகுதியில் பாடல் இருக்கும். குறி கேட்க வந்தவன் முன்னே அதனை ஓதி, தவறியவிடத்து மூத்தோரால் திருத்தப்படும் நா அதில் இராது. நூலின்மையால் அச்சமயத்தைச் சமயமன்று என்றனர் முன்னையோர். நூலாகிவிட்டமையால் அது காக்கப்பட்டது என்று கருதுவாராயின் பின்னையோரும் அப்பிழையையே மறுபுறமாகச் செய்தவராவர். இஃபேயின் உலோகத் தலைகள் மண்ணுக்குள் நூற்றாண்டுகள் பல காத்திருந்து வெளிப்பட்டன. நாவில் வாழும் மறைக்கு அவ்வாறு காத்திருக்கும் ஆற்றல் இல்லை.